இரட்டைப்படை லிஃப்ட்

"கீழே" என்று சொன்னால் மேலே கொண்டு போகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்காக அவரோடு ஏறி இறங்கியும் இருக்கிறேன்.

எம்.ஜி. ரோட்டில் அந்த உயரமான கட்டிடம் இன்னும் நிற்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. இப்போது வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் வந்தால் அதன் முழங்கால் உயரத்தில் ரயில் போகிறது. என்னோடு வேலை பார்க்கிற பெண்கள், சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்கள், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இதுவாக்கா பெரிய பில்டிங்? எங்க பி.ஜி. பக்கத்துல இருக்கிற அப்பார்ட்மெண்டே இதைவிட ஹைட்டு" என்கிறார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். அடி போடி இவளே, ஓட்டு வீடும் தோட்டத்து பங்களாவுமாகக் கிடந்த ஊரில் இது ஒன்று மட்டும் எழுந்து நின்றதே, அப்போது நீ எங்கே இருந்தாய்? நான் அதைப் பார்க்கவில்லைதான். ஆனால் பார்த்தவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர் அந்தக் கட்டிடத்தின் லிஃப்ட்காரர். பெயர் இருந்தது, காக்கிச் சட்டையில் தைத்தும் இருந்தார்கள். ஆனால் தமிழ் பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் அவர் 'அண்ணா'தான். அல்சூர் பக்கத்து ஆள். பௌர்ணமி தவறாமல் விகாரைக்குப் போகிற பௌத்தக் குடும்பம். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அது அவருக்காக இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அங்கே ஆட்கள் ஏறுவதற்கு இரண்டு லிஃப்ட். ஒன்று ஒற்றைப்படை மாடிகளில் மட்டும் நிற்கும், மற்றது இரட்டைப்படையில் மட்டும். எல்லா மாடியிலும் நின்று நின்று போனால் ஆபீஸ் நேரத்துக்குள் யாரும் போய்ச் சேரமாட்டார்கள் என்று செய்த ஏற்பாடு. ஒற்றைப்படையை ஓட்டியவர் சிவாஜிநகர் பாய். இரட்டைப்படை அண்ணாவுடையது.

அண்ணாவின் ஒரே மகள் கௌதமி, அதே கட்டிடத்தில் பன்னிரண்டாம் மாடியில் ஒரு டிராவல் ஆபீஸில் வேலை பார்த்தாள். பன்னிரண்டு இரட்டைப்படை. நியாயமாக அவள் அப்பாவின் லிஃப்டில்தான் ஏற வேண்டும். ஏறமாட்டாள். பாயின் லிஃப்டில் பதின்மூன்றுக்குப் போய், அங்கிருந்து ஒரு மாடி படியிறங்கி வருவாள். சாயங்காலம் படியிறங்கிப் பதினொன்றுக்கு வந்து பாயின் லிஃப்டைப் பிடிப்பாள். அவர் முகத்தில் முழிக்கக் கூடாது, அவ்வளவுதான். அவள் என்றைக்காவது ஒரு நாள் ஏறிவிடுவாள் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். நாங்களும் காத்துக்கொண்டிருந்தோம். அவர் ரிடையர் ஆகிற உகாதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன?

மகள் ஏன் அப்படி இருந்தாள் என்பதைச் சொல்வதற்கு முன், அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட வேண்டும்.

நான் அவரை முதலில் பார்த்தது வேலை கிடைக்காத ஒரு நாளில். லிங்கராஜபுரத்திலிருந்து அம்மா ஜெபம் பண்ணி அனுப்பியிருந்தாள். பதினாறாம் மாடியில் டைப்பிஸ்ட் வேலைக்குப் பரீட்சை. பயத்தில் ஒரு வரியில் பாதி தப்பு. அந்த மேனேஜர் காகிதத்தை என் பக்கம் தள்ளி, "அடுத்தவங்களை வரச் சொல்லும்மா" என்றார். வெளியே வந்து லிஃப்டில் ஏறி, "கீழே" என்றேன். கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். லிஃப்ட் மேலே போனது.

"ஹலோ, நான் கீழே போகணும்!"

"போலாம் போலாம். கீழ எங்க ஓடிடப் போவுது?"

"நிறுத்துங்க! யாரைக் கேட்டு மேலே போறீங்க?" எனக்கு வாய் அப்போதே நீளம்.

"இன்னாமா இப்படிக் கத்தற? ஒரே நிமிசம்."

இருபத்துநாலாம் மாடி. அவர் லிஃப்ட் போகிற கடைசி மாடி அது. கதவைத் திறந்து, நடையின் கோடியில் இருந்த ஜன்னலைக் காட்டினார். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் போகிற குழி நட்டநடுவில், சுற்றிலும் ஆபீஸ்கள். நடுவில் நிற்பவனுக்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது. நாள் முழுக்க ஒரு பெட்டிக்குள்ளேயே ஏறி இறங்குகிறவருக்கு வானம் தெரிகிற ஒரே இடம் அந்த ஜன்னல்தான்.

"உங்க வூடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"லிங்கராஜபுரம்."

"அப்போ மொதல்ல அல்சூர் ஏரியைப் புடி. மினுக்குது பார். புடிச்சியா? அதைத் தாண்டிப் போ. ரயில் லைன் வருதா?"

"வரலையே… ம்ம், வருது வருது."

"அதையும் தாண்டு. சர்ச் கோபுரம் ஒண்ணு தெரியும்."

தென்னை மரங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எங்கள் சர்ச்தானா, இல்லை யாராவது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் "ஆமா! அதேதான்!" என்று குதித்தேன்.

"அதுக்குக் கீழ எங்கியோதான் உங்கம்மா சோறு வடிச்சிக்கினு இருப்பாங்க. நீ வந்ததும் வராததுமா என்னாச்சுன்னு கேப்பாங்க. இந்த மூஞ்சியோடவா போவ?" கைக்குட்டையை நீட்டினார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. முகத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்ததும், "பத்தாவது மாடியில வேலைக்கு ஒரு ஆளு வேணும்னு கேட்டுட்டிருந்தாங்க. இப்பவே போய்ப் பார்த்துட்டு வா, நான் லிஃப்டை நிறுத்தி வெக்கறேன்" என்றார். அந்தப் பத்தாம் மாடியில் நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் என்றால் அதற்கு இது ஒரு காரணம்.

இது அவருடைய வழக்கம். ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு முகம் செத்து வெளியே வருகிறவர்களை அவரால் நேராகக் கீழே கொண்டுபோய் விட முடியாது. அப்படியே ரோட்டில் விட்டால் பஸ்ஸில் அடிபட்டுவிடுவார்கள் என்பதுபோல் பதறுவார். மேலே கூட்டிப்போய் வீட்டைத் தேடச் சொல்வார். வீட்டைத் தேடுகிறவர்கள் ஒரு ஐந்து நிமிஷம் வேறு எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவரையே அப்படிக் கொண்டுபோனார். குல்பர்காவுக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்றைக்கு. "ஏன்ரீ, நானு கெளகே அந்தே!" கீழே என்றுதானே சொன்னேன் என்று அந்த மனிதர் கன்னடத்தில் கத்தியது எல்லா மாடிக்கும் கேட்டது. இறங்கி வரும்போது, "நம்ம மனே மேலே ஒணகாக்கித பட்டே கூட காணுத்தே" என்று சிரித்துக்கொண்டே வந்தார். மாடியில் காயப்போட்ட துணிகூடத் தெரிகிறதாம். பொய்தான். இருந்தாலும் சிரித்தாரே.

மேலே போய் வருவதால் இன்னொரு லாபமும் உண்டு. மழை அங்கேதான் முதலில் தெரியும். கிழக்கே சாம்பல் படுதா போல் மழை நடந்து வருவதைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து, வெயிலில் நிற்கிற கடைக்காரர்களிடம், "அல்சூருக்கு வந்துடுச்சு, சாமானை உள்ள எடு" என்பார். அவர்கள் எடுத்து முடிப்பதற்குள் தூறும்.

கட்டிடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. அது எழும்பும்போது சித்தாளாக ஜல்லி சுமந்தவர்களில் அவரும் ஒருவர். சவுக்குக் கம்பில் சாரம் கட்டி, ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றி மாற்றி மேலே அனுப்பின காலம். மாடி ஏற ஏறத்தான் கலவை தூக்க மெஷின் வைத்தார்களாம். கலவை போட ஆரம்பித்தால் தளம் முடிகிறவரை நிறுத்தக் கூடாது, சோறுகூட முறை வைத்துத்தான் தின்ன வேண்டும்.

"அந்த வரிசையில எனக்கு மேல நின்னது யாரு தெரியுமா?" என்று கேட்பார். தெரியும். நூறு தடவை கேட்டாயிற்று. ஆனாலும் நான், "யாருண்ணா?" என்பேன்.

"கௌதமி அம்மா! சட்டியை வாங்கும்போது என் மூஞ்சியைப் பார்க்கவே மாட்டா. ஏழாவது தளம் போடும்போதுதான் பார்த்தா. எட்டாவது தளத்துக்குக் கம்பி கட்டும்போது கல்யாணம்."

"அப்போ நடுவுல ஒரு மாடிதானா? ரொம்ப அவசரம் போலிருக்கே!"

"சீ, வாயைப் பாரு!" என்று வெட்கப்பட்டுக் கம்பிக் கதவை டமாலென்று சாத்துவார்.

ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து வேடிக்கை பார்த்த ஜனங்களைப் பற்றியும் சொல்வார். ஹொஸ்கோட்டை, ஆனேக்கல் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்களாம். எதிரில் பரேட் மைதானத்து ஓரமாக நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். மேகம் ஓடுகிற நாளில் அப்படிப் பார்த்தால் கட்டிடமே நம்மேல் சாய்ந்து வருவது போலிருக்கும். "சாயுது சாயுது!"ன்னு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள் உண்டு என்று சொல்லிச் சிரிப்பார். நானும் ஒரு நாள் நின்று பார்த்தேன். நிஜமாகவே சாய்கிறது. சிங்காரம் ஒன்றும் இல்லாமல், மேலே மேலே அடுக்கின ஜன்னல் வரிசைகள் மட்டும் இருக்கிற அந்த நேரான சுவர், தலைக்கு மேல் நகர்ந்து வருவது போலத்தான் தெரிகிறது. நானும் இரண்டடி பின்னால் போனேன்.

இனி அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

கௌதமியின் அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பாவும் மகளும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு மகளின் முறை. மத்தியானம் டாக்டர், "அவங்க வீட்டுக்காரரை உடனே வரச் சொல்லுங்க" என்று சொல்ல, அவள் ஆட்டோவில் வந்து இறங்கி ஓடிவந்தாள். இரட்டைப்படை லிஃப்ட் மேலே இருந்தது. பொத்தானை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினாள். வரவில்லை.

பதினாலாம் மாடி ஆபீஸிலிருந்து புருஷனை இழந்த ஒரு பெண் அழுதுகொண்டு வந்திருக்கிறாள். அவளை இவர் இருபத்துநாலுக்குக் கூட்டிப்போய்விட்டார். அவள் வீடு எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் அப்பால். அங்கிருந்து எப்படித் தெரியும்? அந்தப் பெண் தேடிக்கொண்டே இருந்தாள். இவரும் பக்கத்தில் நின்று தேடிக்கொடுத்தார். கௌதமி பொறுக்க முடியாமல் பாயிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மாடி மாடியாகத் தேடிப் படியில் ஏற ஆரம்பித்தாள். அவள் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தார். கீழே வந்ததும் பாய் விஷயத்தைச் சொல்ல, மகளைத் தேடி மறுபடி மேலே போனார். அவள் வேறொரு மாடியில் அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "அவரு வந்துட்டாரா?" என்று கடைசிவரை கேட்டதாக நர்ஸ் சொன்னாள்.

"ஊர்ல எவ அழுதாலும் உனக்குத் தாங்காது. எங்கம்மா உன்னைக் கேட்டுக்கிட்டே செத்தா." அடக்கம் முடிந்த அன்று கௌதமி சொன்னது இதுதான். அதற்கப்புறம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள், நாலு பேருக்காக. விருந்தாளி போல வந்து விருந்தாளி போலச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் யாரையும் மேலே கொண்டுபோகவில்லை. "கீழே" என்றால் கீழே. தலையைக்கூட நிமிர்த்தமாட்டார். அப்புறம் ஒரு நாள் நான் ஏறும்போது ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே நின்றார். லிஃப்ட் மேலே போனது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அண்ணா கிழவரை ஜன்னலுக்கு அனுப்பிவிட்டு வந்ததும் கேட்டேன்: "இன்னுமாண்ணா? இதனாலதானே இவ்வளவும்?"

"நிறுத்திப் பார்த்தேன்மா," என்றார். "கையி கேக்க மாட்டேங்குது. நிறுத்திட்டா மட்டும் அவ வந்து பேசிடுவாளா, சொல்லு."

நான் கௌதமியிடமும் போய்ப் பேசினேன். சும்மா இருக்கிற ஆளா நான்? "ஒரே ஒரு தடவை ஏறுடி. அந்த மனுஷன் பாவம்டி" என்று பன்னிரண்டாம் மாடிப் படியில் வைத்துக் கெஞ்சினேன். அவள் கோபப்படவில்லை. "உனக்கு அவரால வேலை கிடைச்சுது, நீ பேசற. எனக்கு அம்மா போயிட்டாங்க" என்றாள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தேன்.

உகாதிக்கு முந்தின மாதம் ஒற்றைப்படை லிஃப்டைக் கம்பிக்கயிறு மாற்றுவதற்காக நிறுத்திவிட்டார்கள். வேலை முடியும்வரை ஒற்றைப்படை மாடிக்காரர்களும் அண்ணாவின் லிஃப்டில்தான் போயாக வேண்டும். கௌதமி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. எல்லோரும் மனதுக்குள், 'இப்போது ஏறித்தானே ஆகணும்' என்று நினைத்துக்கொண்டோம்.

முதல் நாள் காலையில் வந்தாள். நான் லிஃப்டுக்குள் இருந்தேன். அண்ணா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் எங்களைத் தாண்டி நேராகப் படிக்கட்டுக்குப் போனாள். பன்னிரண்டு மாடி, அந்த வயிற்றோடு!

அண்ணா கதவைச் சாத்தினார். இரண்டாம் மாடியில் நிறுத்திக் கதவைத் திறந்தார். யாரும் இறங்கவில்லை. எட்டிப் படிக்கட்டைப் பார்த்தார். அவள் கைப்பிடியைப் பற்றி ஏறிக்கொண்டிருந்தாள். நாலில் நிறுத்தினார். அவள் தலை தெரிகிறவரை காத்திருந்தார். "டைம் ஆயித்து ரீ!" என்று பின்னால் யாரோ முனகினார்கள். நான் திரும்பி முறைத்த முறைப்பில் அடங்கினார்கள். ஆறில் அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது. அவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் எழுந்து மறுபடி நடக்கிறவரை அவர் லிஃப்டை நகர்த்தவில்லை. பத்தில் நான் இறங்காமல் அவர்களோடே பன்னிரண்டு வரை போனேன். அவள் ஆபீஸுக்குள் நுழைந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் கையை நெஞ்சிலிருந்து எடுத்தார்.

மறுநாள் காலையில் இரட்டைப்படை லிஃப்டில் பாய் உட்கார்ந்திருந்தார். அண்ணா தூரத்தில் தூணருகே, கையைக் கட்டிக்கொண்டு, கடைகளைப் பார்ப்பது போல் நின்றிருந்தார். கௌதமி வந்தாள். பாயைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஏறிக்கொண்டாள். அதிலிருந்து தினமும் அப்படித்தான். அவள் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே எழுந்து பாயை உட்கார வைத்துவிட்டு வெளியே போய் நிற்பார். அவள் மேலே போன பிறகு வந்து பொறுப்பேற்பார். சாயங்காலமும் இதே கதை. இத்தனை வருஷம் தன் பெட்டியை விட்டு நகராத மனிதர், வேலை நேரத்தில் வெளியாள் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

கம்பிக்கயிறு வேலை முடியப்போகிற வாரம். காலையில் லிஃப்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர். கௌதமி மூச்சு வாங்கியபடி கடைசியாக ஏறினாள். பாய் கதவை இழுக்கப் போனார்.

"பாய், அவர் எதுக்கு தினமும் வெளிய போய் நிக்கறாரு?" அவள் தூணைப் பார்த்தபடியே கேட்டாள்.

பாய்க்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அரே, நீ உள்ள வர்றதுக்குத்தாம்மா. வேற எதுக்கு?"

பாய் மறுபடி கதவை இழுத்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கதவு முழுக்கச் சாத்தாமல் லிஃப்ட் நகராது. எல்லோரும் அவள் கையைப் பார்த்தோம். நேரம் போனது. வழக்கமாக முனகுகிற ஆள்கூட அன்றைக்கு முனகவில்லை. பாய் மெதுவாக எழுந்து வெளியே இறங்கி, "ஏய் தோஸ்த், வா இங்க! என் இடுப்பு புடிச்சுக்கிச்சு, நீயே ஓட்டு!" என்று தூணைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணா அசையவில்லை. அவள் கை இன்னும் கம்பியில்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தார். காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்க்கிறவர் போலக் கீழேயே பார்த்துக்கொண்டு வந்து உள்ளே ஏறினார். அவள் கையை எடுத்தாள். அவர் கதவைச் சாத்தினார். பொத்தான் பலகையைப் பார்த்து நின்றுகொண்டு, முதல் நாள் வந்த ஆளிடம் கேட்பதுபோல் கேட்டார்:

"எத்தனாவது மாடிம்மா?"

"பன்னெண்டு," என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்பா" என்றாள்.

லிஃப்ட் மேலே போனது. எங்கள் யாருடைய மாடியிலும் நிற்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பன்னிரண்டில் நின்றது. அவர் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவளும் திறக்கச் சொல்லவில்லை.